மிதி, பிடி, விடு

"மிதி."

மிதிப்பேன்.

"பிடி."

பிடித்துக்கொண்டு நிற்பேன். நிஜமாகவே நிற்பதுதான். பத்து வயதுக் கால் ஜீப்பின் பிரேக்கை உட்கார்ந்தபடி மிதிக்க எட்டாது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பற்றிக்கொண்டு, உடம்புக் கனத்தை எல்லாம் வலது காலில் இறக்கி நிற்க வேண்டும். இடது பக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் மேஸ்திரி அப்போதுதான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். என் காலுக்கடியில் பெடல் மெள்ள இறங்கும். நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனை, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிய பிரேக் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும். அதில் குமிழி குமிழியாகக் காற்று வரும். நிப்பிளை அவர் முடுக்கிய பிறகுதான் மூன்றாவது சொல்.

"விடு."

அந்தச் சொல்லுக்கு முன் காலை எடுத்தால் போன காற்று வந்த வழியே ஏறிவிடும். அதுவரை செய்த வேலை வீண். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, அருகில் இருக்கும் சக்கரத்தில் முடிக்க வேண்டும். வலப்பக்கம் ஸ்டீரிங் உள்ள நம் ஊர் ஜீப்பில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து நூறு தடவையாவது மிதித்திருப்பேன். இறங்கும்போது தொடை நடுங்கும்.

'வாங்க தம்பி, போங்க தம்பி' என்று எங்களைக் கூப்பிடும் மேஸ்திரி, பிரேக்குக்குக் காற்று எடுக்கும்போது மட்டும் 'ங்க' போட மாட்டார். ஒருமுறை இதைக் கவனித்துவிட்டு அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிரித்தார். "மிதிங்க தம்பின்னு இழுத்துச் சொல்றதுக்குள்ள ஆயில் வழிஞ்சிரும், செட்டியாரே" என்றார் மேஸ்திரி, வண்டிக்கு அடியிலிருந்தே.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக் கொட்டகையிலிருந்து இந்த மூன்று சொல் கேட்டு நாளாகிவிட்டது. ஜீப்புகள் இருக்கின்றன, சில ஓடவும் செய்கின்றன. செத்துப்போனது, வயசான ஜீப்பை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற வழக்கம். 'ஜீப்புப் பாக்குறது' என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம், நாடி பார்ப்பதைப் போல. அதற்குக் கேதம் கேட்க யாரும் வரவில்லை. நான் எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் ஓர் ஆளை அறிமுகம் செய்தால் ஊர் எது, ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்று கேட்காமல் விட மாட்டார்கள். ஜீப்புக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். பூர்விகம் அமெரிக்கா. 1940ல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த, நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள சின்ன வண்டி கேட்டபோது முதலில் செய்து காட்டியது பாண்டம் என்ற சிறு கம்பெனி. பேரும் காசும் போனது டொலிடோ நகரத்து வில்லிஸுக்கும் டியர்பார்ன் ஃபோர்டுக்கும். போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். வில்லிஸ் இன்ஜின் 2,199 சிசி, 60 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டர்களுக்குப் பக்கத்திலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் தலையைக் கழற்றினால் பல்லாங்குழிப் பலகை மாதிரி எல்லாக் குழியும் கண்ணுக்கு முன் கிடக்கும். எந்தக் குழியில் கரி, எந்த வால்வு கருகல் என்று குழந்தைகூடச் சொல்லிவிடலாம். வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற தைரியத்தை முதலில் கொடுத்தது அந்தத் திறந்த அமைப்புதான்.

இந்தியாவில் இதை எடுத்துக்கொண்டவர்கள் 1945ல் தொடங்கிய மகிந்திரா அண்ட் முகமது. இரண்டே வருஷத்தில் பங்காளி பிரிந்தார். குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரும், பிற்பாடு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் உதிரிகளைத் தருவித்துப் பூட்டியவர்கள், பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரும் ஜீப்பைப் பற்றியதுதான். காஷ்மீர்ப் போரின்போது லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காக ஜீப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கடைசியில் வந்து சேர்ந்தவை 155. அவையும் உபயோகத்துக்கு ஆகாதவை என்று ராணுவம் ஒதுக்கியது. அந்த விவகாரத்தை 1955ல் அரசு மூடிவிட்டது. "அந்த 155ஐயும் நம்ம மேஸ்திரிகிட்ட விட்டிருந்தா பாதியாச்சும் ஓடியிருக்கும்" என்பது அப்பச்சியின் நிரந்தர அபிப்பிராயம்.

எங்கள் வீட்டில் இருந்தது உயர்ந்த மூக்கு ரகம், சிஜே-3பி. வில்லிஸ் இன்ஜினிலேயே உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் தலைக்கு ஏற்றியபோது இன்ஜின் உயரமாகிவிட்டது. பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அதனால் வந்த மூக்கு அது. அமெரிக்காவில் அழகில்லை என்று சொன்ன அந்த முகம்தான் இங்கே ஜீப்பின் முகமாக நிலைத்தது. பஞ்சாயத்து யூனியன், தாசில்தார், போலீஸ், கண்மாய் பார்க்க வரும் பொதுப்பணித் துறை, எல்லாருக்கும் அதுதான். ஊருக்குள் 'ஜீப்பு வருது' என்றால் சர்க்கார் வருகிறது என்று அர்த்தம். இன்றைக்கு அந்த ஆபீசர்கள் எல்லாம் பொலிரோவில் வருகிறார்கள். ஊர் இன்னும் 'ஜீப்பு வருது' என்றுதான் சொல்கிறது.

செட்டிநாட்டு வீடுகளுக்கு மோட்டார் புதிதில்லை. பர்மாப் பணம் புழங்கிய நாளில் கப்பலில் வந்திறங்கிய பெரிய கார்கள் பல கொட்டகைகளில் நின்றன. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தப் பணம் வந்த வழி அடைபட்டது. ஜீப்பு அந்தச் சரிவுக்குப் பிறகு வந்த வண்டி. பெருமைக்கு யாரும் வாங்கவில்லை. நெல் அறுவடை பார்க்க, புதுவயல் ரைஸ் மில்லுக்குப் போய்வர, தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போக, பழனிக்கு நடக்கிறவர்களுக்கு முன்னால் போய் அடுப்பு மூட்ட. மழைக்காலத்தில் கண்மாய்க் கரையில் ஃபோர் வீலைப் போட்டு லோ கியரில் அது ஏறுவதைப் பார்க்க வேண்டும். எருமை கரையேறுகிற நிதானம்.

செம்மண் அதற்குச் சத்துரு. எங்கள் பக்கம் கோடையில் ஒரு தரம் பண்ணைக்குப் போய் வந்தால் ஏர் கிளீனரின் அடித்தட்டில் ஊற்றிய எண்ணெய் குங்குமம் குழைத்த மாதிரி ஆகிவிடும். காற்றை எண்ணெயில் உரசவிட்டுப் புழுதியை அதிலேயே படியவைக்கும் ஏற்பாடு அது. கழற்றி, வண்டலை வழித்து, மண்ணெண்ணெயில் அலசி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். அது பிள்ளைகள் வேலை. காசு கொடுத்து ஃபில்டர் வாங்க வேண்டிய தேவை எங்கள் ஜீப்புக்கு வந்ததே இல்லை.

கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் திண்ணை, பட்டாலை, வளவு. பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. அதற்கும் பின்னால் வண்டி வரும் வாசல். ஒரு காலத்தில் மாட்டு வண்டி நின்ற இடத்தில்தான் ஜீப்பு நின்றது. அய்யா காலத்துப் பர்மாத் தேக்குப் பெட்டி ஒன்று ஸ்பானர் பெட்டி ஆகியிருந்தது. குறுக்கு உத்தரத்தில் பொருத்தியிருந்த கப்பியில் இன்ஜினைத் தூக்கலாம். கல்யாணத்துக்குப் பெரிய அண்டாக்களை இறக்கப் போட்ட கப்பி அது. பழைய புடவை, கொட்டாங்கச்சி, பித்தளை ரேடியேட்டரைத் தேய்க்கப் புளி, டாங்கி ஒழுகினால் வைத்து அழுத்த பார் சோப்பு, எல்லாம் அடுப்படியிலிருந்து வரும். ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் கேட்டுப் போனால் மட்டும் ஆத்தாவுக்குக் கோபம் வரும். "ஒங்க ஜீப்புக்கு நான் இன்னும் ரசம் வச்சுத்தான் ஊத்தல" என்பாள்.

மேஸ்திரி மூன்றாம் கட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவருக்குக் காபி பின்வாசலுக்குத்தான் வரும், அவருக்கென்று வைத்த டம்ளரில். நாற்பது வருஷம் அந்த வீட்டு இன்ஜினின் ஒவ்வொரு மரையையும் விரலால் அறிந்தவர் வளவைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை. இரங்கல் எழுதும்போது இறந்தவரின் குறையையும் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு குறை, என் ஆச்சி. நகரத்தார் வீடுகளில் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவோம். மெலிந்த விரல். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட் இடைவெளி வைப்பதில் வீட்டில் அவளுக்கு மிஞ்சிய ஆள் இல்லை. கணக்குப்படி அரை மில்லிமீட்டர். மேஸ்திரி தீப்பெட்டி அட்டையைக் கிழித்து நுழைத்துப் பார்ப்பார். ஆச்சிக்கு அதுவும் வேண்டாம், கண்ணே போதும். நாலு சிலிண்டரும் வெடிக்கும் வரிசையை, ஒன்று மூன்று நாலு ரெண்டு, ஒன்று மூன்று நாலு ரெண்டு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே பிளக் வயரை மாட்டுவாள். பதின்மூன்று வயதில் அவள் கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். இந்த வழக்கம் செத்த கதையை நான் எண்பதுகளில் தொடங்கிய டீசல் மாற்றத்தில் இருந்தோ, கம்ப்யூட்டர் வந்ததில் இருந்தோ சொல்லலாம். ஆச்சி சொன்னால் அன்றைக்கு மத்தியானத்தில் இருந்துதான் சொல்லுவாள்.

அப்பச்சி கணக்கு மனிதர். ஜீப்புக்கு ஒரு தனி நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடியில் 'சிவமயம்', அதற்கடியில் 'ஜீப்புக் கணக்கு'. தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, ஓடிய மைல், செய்த வேலை. செலவுப் பத்தி கடைசியில்தான். 'பின் இடது வீல் சிலிண்டர் கப் மாற்றியது. கசிவு நின்றது.' 'கிங் பின் ஷிம் ஒன்று எடுத்தது. ஸ்டீரிங் ஆட்டம் குறைவு.' 'ரேடியேட்டரில் மஞ்சள் தூள். இரண்டு நாள் தாங்கியது.' 'மேஸ்திரி மகள் கல்யாணம். வேலை இல்லை.' ஒரு பக்கத்தில் ஒரே வரி: 'சத்தம் வருகிறது. இன்னும் தெரியவில்லை.' அடுத்த பக்கத்தில், பதினொரு நாள் கழித்து: 'தெரிந்தது. டைனமோ புஷ்.' அந்தப் பதினொரு நாளும் வீட்டில் எல்லாரும் காதாகத்தான் இருந்தோம். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காது எலும்பில் ஒட்டிக் கேட்டால் எந்தப் பேரிங் முனகுகிறது என்று பிடிபடும். டாக்டர் வைத்துப் பார்க்கிற குழாய்க்கு வேறு என்ன வேலை? முறை முறையாக எல்லாரும் கேட்டோம். கண்டுபிடித்தது சமையல்கார அக்கா. அம்மி அரைக்கிற சத்தம் மாதிரி இருக்கிறது என்றாள். உரசல் என்று பிடித்துக்கொண்டு மேஸ்திரி அங்கே போனார்.

எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது செம்பு வாஷர். பிரேக் பைப்பு சேருமிடத்தில் அரையணாக் காசு அளவில் ஒரு செம்பு வளையம் உண்டு. முடுக்க முடுக்க நசுங்கி இறுகிவிடும். மறுபடி போட்டால் கசியும். மேஸ்திரி அதைத் தூக்கிப் போட மாட்டார். கம்பியில் கோத்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும் என்று கொல்லன் பட்டறையில் பார்த்திருக்கிறோம். செம்பு நேர் எதிர். காய்ச்சினால் மெத்தென்று ஆகிவிடும், திரும்பப் புதுசு. பள்ளிக்கூடத்தில் உலோகவியல் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆத்தாவின் அடுப்பு சொல்லித்தந்தது.

இதே காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்தது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரியையும் துருவையும் பற்றி நாட்டுக்கே ஆராய்ந்து சொல்கிற இடம். அங்கிருந்து சில மைல் தள்ளி எங்கள் கொட்டகையில், வயரைத் தட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்த்துத்தான் பேட்டரியின் ஆயுளை முடிவு செய்தோம். துருவுக்குப் பழைய இன்ஜின் ஆயில் பூச்சு. இரண்டும் விஞ்ஞானம்தான், சம்பளத்தில்தான் வித்தியாசம்.

பேச்சில் ஒரு தனி அகராதி இருந்தது. கார்ப்ரேட்டர், செல்ஃப், கட்டவுட், கிராஸ், கமான் பட்டை. முடுக்கு, தளத்து, தட்டு, ஊது. 'மரை கழண்டவன்' என்று ஒருவரைத் திட்டும்போது அது எங்கிருந்து வந்த வசவு என்று எங்களுக்கு விரலில் தெரியும். மரை போன போல்ட்டை முடுக்கிப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு நம்பிக்கையில்லாத நிலை என்று புரியும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். இன்ஜின் திருப்பி அடித்தால் கை விலகிவிடும், இல்லையென்றால் எலும்பு முறியும். ஊரில் மணிக்கட்டு முறிந்த டிரைவர்கள் இருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தக் காலமே காலம் என்று முடிக்க எனக்கு மனசில்லை. ஜீப்பில் பெல்ட் கிடையாது, கதவு கிடையாது, திருப்பத்தில் உருண்ட ஜீப்புகளில் போன உயிர்கள் உண்டு. ஸ்டீரிங்கில் கால் சுற்று சும்மா சுற்றும். எவ்வளவு காற்று எடுத்தாலும் அந்த டிரம் பிரேக், ஊரணியில் ஒரு தரம் இறங்கி ஏறினால் அடுத்த ஒரு மைலுக்குப் பிடிக்காது. ஈரம் காய, பெடலை லேசாக அழுத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். 2010ல் வந்த மகிந்திரா தாரும், அதைவிட 2020ல் வந்த புதிய தாரும் எங்கள் 3பியைவிட எல்லா வகையிலும் நல்ல வண்டிகள். என் அண்ணன் மகன் ஒன்று வைத்திருக்கிறான். காரைக்குடி நூறடி ரோட்டில் அதை ஓட்டிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. பானட்டைத் திறந்தேன். கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே கை போக வழியில்லை. நான் மூடிவிட்டேன்.

அதில் கம்பெனிக்காரன் சூழ்ச்சி என்று எதுவும் இல்லை. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6. புகையை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றால் டீசலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்க முடியும். எண்பதுகளில் வந்த எம்எம் 540இல் இருந்த பெஜோ டீசல் இன்ஜினுக்கு ஒரு கைப்பம்பும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானரும் போதும். டீசல் தீர்ந்து காற்று ஏறினால் பம்பை அடித்து, நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அது கக்கிய கறுப்புப் புகையை எங்கள் துணிக்கொடிகள் அறியும்.

பிறகு மரணம் தவணை தவணையாக வந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் எங்கள் 3பியின் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினார்கள். மேஸ்திரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பிள்ளைகள் போனோம். நான் சென்னை, அண்ணன் வெளிநாடு, ஆச்சி கல்யாணமாகிக் கோயம்புத்தூர். மேஸ்திரி மகன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் வருஷத்துக்கு ஒரு தரம் கும்பிட வந்து போவதோடு சரி. வீட்டில் ஆள் இருந்தால்தான் வீட்டில் ஜீப்புப் பார்க்க முடியும். அவ்வளவு எளிய கணக்கு அது, ஆனால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

சட்டமும் தன் பங்குக்கு வந்தது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொட்டகையில் வளர்ந்த ஜீப்பில் எது கம்பெனி கொடுத்தது என்று யாரைக் கேட்பது? 15 வருஷம் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாயிற்று. இதில் எனக்குப் பெரிய கோபமில்லை. பிரேக் பிடிக்காத பழைய வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது என்பது நியாயம்தான். ஐம்பது வருஷம் தாண்டியதை விண்டேஜ் என்று பதிந்துகொள்ள 2021ல் வழி செய்தார்கள். ஆனால் அந்தப் பதிவோடு அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம். நெல் மூட்டை ஏற்றிய வண்டிக்கு அது ஓய்வூதியமா, சிறையா?

இப்போது செட்டிநாட்டில் பளபளக்கும் ஜீப்புகளைப் பார்க்கலாம். பாரம்பரிய ஓட்டல்களின் வாசலில் ஆலிவ் பச்சை பூசி, குரோம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சினிமாவுக்கு வாடகைக்குப் போவதும் உண்டு. எங்கோ நகரத்தில் கொடுத்துப் புதுப்பித்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவை. அவற்றைப் பார்க்கும்போது எனக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் நினைவுக்கு வரும். அங்கே விற்பனைக்கு இருக்கும் எங்கள் ஊர் மரப்பாச்சிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் ஒரு குறையும் இல்லை, விளையாடவும் சாப்பிடவும் ஆள் இல்லை என்பதைத் தவிர.

நானும் ஒரு தரம் அந்தத் தப்பைச் செய்தேன். அப்பச்சி போன பிறகு 3பியைச் சரிசெய்ய ஒரு பெருநகரத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். பேர் வேண்டாம். பிரேக் ஆயில் கசிகிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். பைப் முழுக்க, நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் மாற்றி நீளமான பில் கொடுத்தார்கள். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அதே இடத்தில் கசிந்தது. குனிந்து பார்த்தேன். எல்லாவற்றையும் மாற்றியவர்கள் அந்தச் செம்பு வாஷரை மட்டும் மாற்றவில்லை. காய்ச்சவும் இல்லை.

வாஷரை நானே கழற்றி, கேஸ் அடுப்பில் பழுக்க வைத்து, தண்ணீரில் போட்டு, திரும்பப் பூட்டினேன். கசிவு நின்றது. இனிக் காற்று எடுக்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது, வீட்டில் வேறு யாரும் இல்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பெடல் இறங்க இறங்க முட்டு நழுவியது. வாட்ச்மேன் தாத்தாவை ஏற்றி உட்காரவைத்தேன். அவருக்குக் காது மந்தம். 'பிடி' என்றதற்கு விட்டார், 'விடு' என்றதற்கு ஓங்கி மிதித்தார். என் முகமெல்லாம் ஆயில். கடைசியில் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவருக்கு எண்பது கடந்துவிட்டது, கண் தெரிவதில்லை, மூச்சு வாங்குகிறது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெடலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நாலு தரம் மிதித்தேன்.

"காத்து இருக்கு தம்பி. சத்தமே சொல்லுதே" என்றார். கொஞ்ச நேரம் இருமினார். "மிதிக்க ஆளு இல்லையாக்கும்?" என்று கேட்டார்.

அந்த இருமலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூளை அந்தக் காலத்தில் எல்லாரும் வாயால் ஊதித்தான் தள்ளினார்கள். நாங்களும் போட்டி போட்டு ஊதினோம். அன்றைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது; அந்தத் தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், பல வருஷம் கழித்துத்தான் காட்டும் என்பதெல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்து சேராத செய்தி. மேஸ்திரிக்குப் பீடிப் பழக்கமும் உண்டு. எதனால் இருமல் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்கள் 3பி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது, பின் இடது சக்கரம் கழற்றியபடி, நாலு செங்கல் மேல். ஜீப்புக் கணக்கு நோட்டில் கடைசி வரி என் கையெழுத்தில் இருக்கிறது: 'செம்பு வாஷர் காய்ச்சிப் போட்டது. காற்று எடுக்க வேண்டும்.'

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டுக் கொட்டகையிலாவது பழைய ஜீப்பு நின்றால், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தால், அடுத்த தடவை கும்பிட ஊருக்குப் போகும்போது அவரைக் கூப்பிட்டு வாருங்கள். முகப்பு வழியாகக் கூப்பிட்டு வாருங்கள். மகளையும் மகனையும் கூடவே நிறுத்தி, ஒரு சக்கரத்தையாவது கழற்றச் சொல்லிப் பாருங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூளை மட்டும் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.